‘இயன்றவரை மூடப்பட்ட’ கம்பிக் கதவு குறித்து

அனுப்புநர்:
லொரெட்டா குசெரா,
குசெரா மாட்டுப் பண்ணை,
பெல்மர் மாவட்டம், நெப்ராஸ்கா.

பெறுநர்:
மாநில இயக்குநர் அவர்கள்,
மேய்ச்சல் நிலப் பாதுகாப்பு மற்றும் பண்ணைக் கடன் துறை,
மாநிலத் தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் பண்ணையின் வடக்கு மேய்ச்சல் நிலம் – தங்கள் துறை ஆய்வாளர் திறந்துவிட்டுப் போன கதவுக்காக எங்கள் மேல் ஒப்பந்த மீறல் குற்றம் சுமத்தியது – அதனால் என் மகளின் நிலக் கடன் விண்ணப்பம் கிடப்பில் போடப்பட்டது – நிவாரணம் கோருதல்.

பார்வை: 1. பெல்மர் வட்டார அலுவலரின் ஒப்பந்த மீறல் அறிவிப்பு.
2. அதே அலுவலரின் ‘உள்ளது உள்ளபடி’ ஆணை.
3. மேற்படி இரண்டுக்கும் நான் எழுதி, பதில் வராத கடிதங்கள்.

நான் நேரில் கண்டிராத, எனினும் முறைப்படி மதிக்கக் கடமைப்பட்ட ஐயா அவர்களுக்கு,

1. நான் கணவரை இழந்தவள். என் மகள் மார்னியுடன் சேர்ந்து மணற்குன்றுப் பகுதியில் மாடு வளர்க்கிறேன். இந்த வட்டாரத்திலிருந்து தங்களுக்கு வரும் மனுக்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் தொடங்கி மூன்று பக்கம் தாண்டியே விஷயத்துக்கு வரும் என்பதை அறிவேன். அந்தச் சிரமத்தைத் தங்களுக்கு நான் தரப்போவதில்லை. எங்களிடம் மாடுகள் இருக்கின்றன, புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் துறையும் இருக்கிறது. முதல் மூன்றின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

2. எங்கள் பக்கத்தில் புல்லுக்குக் கீழே இருப்பது வெறும் மணல். ஒரே இடத்தை மாடுகள் மேய்ந்து மிதித்தால் புல் போய்விடும். புல் போன இடத்தில் காற்று குழி பறிக்கும். அந்தக் குழி ஆண்டுக்கு ஆண்டு வாய் அகலும். எங்கள் வடக்கு மேய்ச்சல் நிலத்தில் அப்படியொரு குழி விழுந்திருந்தது. இரண்டு கோடைக்காலம் அந்த நிலத்தில் மாடு விடுவதில்லை என்று தங்கள் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதற்கு ஈடாக வேலிக்கும், நடு மேய்ச்சல் நிலத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் துறை உதவியது. இது நல்ல திட்டம். குழியில் இப்போது புல் பிடித்திருக்கிறது. அதன் ஓரத்தில் காட்டுக்கோழி முட்டையிட்டிருந்ததை மார்னி பார்த்து வந்து சொன்னாள். நல்லதை நல்லது என்று சொல்லிவிடுகிறேன். இந்த மனுவில் அதற்கு இது ஒன்றுதான் இடம்.

3. எங்கள் மாடுகளின் குளிர்காலத் தீனி எங்கள் நிலத்தில் விளைவதில்லை. ஓடையை ஒட்டி, பக்கத்துப் பண்ணைக்காரர் டுவெய்ன் ஆஸ்முஸுக்குச் சொந்தமான ஒரு தாழ்நிலப் புல்வெளி இருக்கிறது. அதில் புல் அறுத்துப் பாதியை அவருக்குக் கொடுத்துப் பாதியை நாங்கள் வைத்துக்கொள்வது வழக்கம். டுவெய்னுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் இல்லை. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதால் நவம்பர் முதல் தேதி டவுனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட முடிவு செய்திருக்கிறார். போகுமுன் அந்தப் புல்வெளியை மார்னிக்கு விற்க விரும்புகிறார். வேட்டைக் கழகம் ஒன்று நகரத்திலிருந்து வந்து, கேட்ட விலைக்கு மேல் ரொக்கமாகத் தருகிறோம் என்று அவர் வாசலில் நின்றது. “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். நவம்பர் வரைக்கும் வாயத் திறக்காதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனவே மார்னி, புதிதாகப் பண்ணை தொடங்குவோருக்குத் தங்கள் துறை தரும் நிலக் கடனுக்கு விண்ணப்பித்தாள். அந்தப் புல்வெளி இல்லையென்றால் தீனி இல்லை. தீனி இல்லையென்றால் இந்த இலையுதிர் காலத்தோடு மாடுகளை விற்றுவிட்டு, நான் டவுனில் ஓர் அறை பார்க்க வேண்டும். மார்னி மறுபடியும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும். தங்கள் துறையில்கூட இடம் காலியிருக்கலாம்.

4. இனி, கதவு.

தங்கள் துறையின் கையேட்டு அட்டையில் ஒரு கதவு அச்சிடப்பட்டிருக்கிறது. வெள்ளை வண்ணம் பூசிய மரக்கதவு. கீல்கள் இருக்கின்றன. ஒரு குழந்தை அதன் மேல் உட்கார்ந்து சிரிக்கிறது. அப்படியொரு கதவை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. மாடுகள் நிற்கும் நடு நிலத்துக்கும் வடக்கு நிலத்துக்கும் இடையே உள்ள எங்கள் கதவு நான்கு இழை முள்கம்பி. அது மடங்கிவிடாமல் இருக்க நடுவில் சில கழிகள். கடைசியில் ஒரு கோல். மூட வேண்டுமானால் அந்தக் கோலின் அடியைத் தூணின் கீழ்வளையத்தில் செருகி, தோளைக் கொடுத்துத் தூணோடு சேர்த்து அணைத்து இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேல்வளையத்தை மாட்ட வேண்டும். திறப்பதற்கு இது எதுவும் வேண்டாம். மேல்வளையத்தைத் தட்டிவிட்டால் போதும், கதவு தானாகத் தரையில் விழுந்துவிடும்.

இந்தக் கதவுகளுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்த நிலையில் பார்த்தாயோ அந்த நிலையில் விட்டுப் போ. மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. திறந்திருந்தால் திறந்தபடியே விட்டுப் போ, காரணம் கேட்காதே. திறந்து கிடக்கும் கதவை நல்லெண்ணத்தில் மூடிவிட்டுப் போனவர்களால், தண்ணீருக்கு வழியில்லாமல் வேலி ஓரத்திலேயே செத்து விழுந்த மாடுகள் உண்டு. அதனால்தான் இந்தச் சட்டம். இதற்கு வாரியம் கிடையாது, கிளை அலுவலகம் கிடையாது, இருந்தும் இதை யாரும் மீறியதில்லை.

5. கடந்த ஜூலையில் தங்கள் துறையின் கள ஆய்வாளர் திரு. பிரெண்டன் விட்லாக், வடக்கு நிலத்தில் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளக்க வந்தார். அவர் கெட்டவர் அல்லர். மார்னி படித்த பல்கலைக்கழகத்தில் அதே புல்லியல் படிப்பைப் படித்தவர். கதவு மூடுவது அங்கே பாடத்தில் இல்லை. மார்னி அதை வேறு இடத்தில் கற்றிருந்தாள். அவர் கதவைத் திறந்தார், அரசு பிக்கப் வண்டியை உள்ளே ஓட்டினார், ஒரு வளையத்தைத் தரையில் போட்டு அதற்குள் இருந்த புல்லை எண்ணினார், படம் எடுத்தார், வெளியே வந்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மாட்டிறைச்சிக் காரக்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சாப்பிடும்போது, “உங்க கேட்டு கொஞ்சம் மல்லுக்கட்டுச்சு மேடம். எப்படியோ சமாளிச்சுட்டேன்” என்றார்.

“முதல் தடவை எல்லாரையும் அது கடிக்கத்தான் செய்யும்” என்று மார்னி சிரித்தாள். நானும் சிரித்தேன். சமாளித்தேன் என்று ஒருவர் சொன்னால் மூடிவிட்டார் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்து ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து ரொட்டி கேட்பார் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

6. அவர் எங்கள் மேசையில் இருந்த நேரத்தில் டுவெய்ன் ஆஸ்முஸ் அந்த வழியாகத் தன் புல்வெளிக்குப் போனார். எங்கள் நிலத்தின் வழியே போய்வர அவருக்கு எப்போதும் உரிமை உண்டு. கதவு தரையில் கிடந்தது. உள்ளே போய்த் திரும்பிய அரசு வண்டியின் சக்கரத் தடம் பக்கத்திலேயே இருந்தது. அரசாங்கம் ஏதோ காரணத்துக்காகத் திறந்து வைத்திருக்கிறது என்று நினைத்தார். தன் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த சட்டப்படி, திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார். தங்கள் துறையை மதித்து அவர் செய்த கடைசிக் காரியம் இதுவாக இருக்கும்.

7. மாலைக்குள் மாடுகள் உள்ளே போயின. மறுநாள் காலை மார்னி பார்த்து, விரட்டி வெளியே கொண்டுவந்து, கதவை மூடினாள். மாடுகள் ஓர் இரவு மேய்ந்ததால் இரண்டு ஆண்டுப் புல்லுக்குக் கேடு எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் அன்று விடிந்ததும் தங்கள் துறைக்காகப் படம் எடுக்கும் விமானம் அந்த வழியே பறந்தது. இந்த மாவட்டத்தில் தங்கள் துறையின் வேலை ஒன்று குறித்த நேரத்தில் நடந்ததாக எனக்கு நினைவில் இருப்பது அது ஒன்றுதான். படத்தில் மாடுகள் இருந்தன. கதவு தரையில் கிடந்தது. ஒப்பந்த மீறல் அறிவிப்பு வந்தது. மீறல் உள்ள பண்ணையைச் சேர்ந்த யாருக்கும் கடன் பரிசீலிக்கப்படாது என்று, மார்னியின் விண்ணப்பம் அன்றே ஓரமாக வைக்கப்பட்டது.

8. நாங்கள் வட்டார அலுவலரிடம் விளக்கம் சொல்லப் போனோம். திரு. விட்லாக் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையை அவர் வாசித்துக் காட்டினார். அதில் ‘கதவு இயன்றவரை மூடப்பட்டது’ என்று இருந்தது.

ஐயா, இந்தச் சொல்லை நான் இன்றுவரை மெச்சிக்கொண்டிருக்கிறேன். கதவு மூடியிருக்கும், அல்லது திறந்திருக்கும். மாட்டுக்கு இது தெரியும். ஒரு மருத்துவர் தையலை இயன்றவரை போட்டேன் என்று எழுதினால், ஒரு விமானி விமானத்தை இயன்றவரை இறக்கினேன் என்று எழுதினால், யாராவது அவருக்கு அடுத்த நாள் வேலை கொடுப்பார்களா? திரு. விட்லாக்குக்குக் கொடுத்தார்கள். அதை ஒன்பதாம் பத்தியில் தெரிவிக்கிறேன்.

சாட்சி உண்டா என்று அலுவலர் கேட்டார். டுவெய்ன் வந்திருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்போது நடந்த உரையாடலை, தங்கள் அலுவலகக் குறிப்பில் அது விடுபட்டிருப்பதால், இங்கே தருகிறேன்.

“கேட்டு திறந்து கிடந்ததப் பாத்ததும் உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா?” என்று அலுவலர் கேட்டார்.

“எதுக்கு ஆச்சரியப்படணும்? திறந்து வச்சவன் ஏதோ காரணத்துக்காகத்தான் வச்சிருப்பான். அடுத்தவன் கேட்டுல எனக்கென்ன வேலை?”

“மூடணும்னு தோணலையா?”

“தோணாது. உங்களுக்குத் தோணுமா?”

“கண்டிப்பா தோணும்.”

“அப்ப எங்க பக்கம் வண்டி ஓட்டிக்கிட்டு வராதீங்க தம்பி. மாடெல்லாம் தண்ணியில்லாம செத்துப்போகும்.”

அலுவலர் இதை எழுதிக்கொள்ளவில்லை. அவர் எழுதிய முடிவு இது: ‘அண்டைப் பண்ணையாளர் கதவு திறந்திருந்ததைக் கண்டு வியப்படையவில்லை, ஆகவே அது வழக்கமாகத் திறந்தே கிடப்பது என்று கொள்ளப்படுகிறது. அவர் வாக்குமூலம் முழுமையாக நம்பத்தக்கது.’ டுவெய்னின் நேர்மையை வைத்தே எங்களைப் பொய்யராக்கினார்கள். வெளியே வந்தபோது டுவெய்ன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறாமல் நின்றார். “நான் உள்ளதத்தானம்மா சொன்னேன்?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

9. நாங்கள் மேல்முறையீடு செய்தோம். அதன் மேல் விசாரணை முடியும்வரை நிலம் ‘காணப்பட்ட நிலையிலேயே, உள்ளது உள்ளபடி’ இருக்க வேண்டும் என்று செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. காணப்பட்ட நிலை என்பது விமானப் படத்தில் காணப்பட்ட நிலை. படத்தில் கதவு திறந்திருந்தது. எனவே, மார்னி மூடியிருந்த கதவை மறுபடியும் திறந்து போடுவதற்காகத் திரு. விட்லாக் அனுப்பப்பட்டார். அந்த வேலையில் அவருக்கு நல்ல தேர்ச்சி. ஒரே தட்டில் திறந்தார். ‘அசைக்கக் கூடாது’ என்று அச்சிட்ட மஞ்சள் நாடாவைத் தூணில் கட்டினார். இம்முறை வீட்டுக்கு வரவில்லை.

எங்கள் ஊரின் ஒரே சட்டத்தைத் தங்கள் துறை எடுத்துக்கொண்டது எனக்குப் பெருமையே. தலைகீழாக எடுத்துக்கொண்டது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. அதே ஆணையின் அடுத்த பத்தி, வடக்கு நிலத்தில் மாடுகள் நுழைந்தால் ஒவ்வொரு நாளும் புதிய மீறலாகக் கருதப்படும் என்கிறது. கதவைத் திறந்தே வைக்க வேண்டும். மாடு நுழையக் கூடாது. இதை எழுதியவர் இரண்டு பத்திகளையும் ஒரே நாளில் எழுதினாரா என்று அறிய ஆவல்.

மாடுகளை வேறு நிலத்துக்கு மாற்றலாமே என்று அலுவலகத்தில் ஓர் அம்மையார் தொலைபேசியில் யோசனை சொன்னார். தண்ணீர் நடு நிலத்தில் மட்டும்தான் இருக்கிறது, அந்தத் தொட்டியைக் கட்ட உதவியது தாங்களே என்று நினைவூட்டினேன். கதவுக்கு முன்னால் தற்காலிக வேலி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். புதிய வேலிக்கு முன் அனுமதி வேண்டும், அது வரக் குளிர்காலம் கழிந்துவிடும் என்றார். பழைய டிராக்டரை இடைவெளியில் நிறுத்தலாமா என்று கேட்டேன். அது நிலையை மாற்றுவதாகும் என்றார். மனிதர் நிற்கலாமா என்று கேட்டேன். சற்று நேரம் யாரிடமோ பேசிவிட்டு வந்து, “மனுஷங்க நிக்கிறதப் பத்தி எதுவும் போடல மேடம்” என்றார்.

அன்று முதல் என் மகள் திறந்த கதவில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கூட ரூடி என்ற கிழட்டு நாய். மாடுகள் புல்லைப் பார்க்கின்றன, அவளைப் பார்க்கின்றன, அவள் எப்போது அசருவாள் என்று காத்திருக்கின்றன. அவள் வீட்டுக்கு வரும்போது நான் போய் உட்காருகிறேன். அரசுப் பல்கலைக்கழகத்தில் அரசு உதவித்தொகையில் புல்லியல் படித்த ஒரு பெண்ணைத் தங்கள் துறை இப்போது கதவாகப் பயன்படுத்துகிறது. கீல்தான் இல்லை.

11. கடந்த வாரம் நடந்ததை எழுதுமுன் டுவெய்ன் ஆஸ்முஸ் எப்படிப்பட்டவர் என்று தாங்கள் அறிய வேண்டும். மாட்டுச் சந்தையில் ஒருமுறை அவருடைய காளை ஏலத்துக்கு வந்தது. ஏலக்காரர் அதன் முதுகையும் தொடையையும் புகழ்ந்து விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். டுவெய்ன் நடுவில் எழுந்து, “அது வேலி தாண்டும். தெரிஞ்சு வாங்குங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விலை சரிந்தது. ஏலக்காரர் இன்றும் அதைச் சொல்லித் திட்டுகிறார். அந்த மனிதர்தான் இவர்.

கடந்த வாரம் ஒருநாள் வடமேற்கிலிருந்து குளிர்காற்று வந்தது. பொழுது சாயும் வேளையில் டுவெய்ன் தன் வண்டியில் கதவுக்கு வந்தார். மார்னிக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. “வீட்டுக்குப் போய்ச் சூடா எதாவது சாப்பிடும்மா. ரூடி இங்கயே இருக்கட்டும். நாங்க ரெண்டு கிழடும் பாத்துக்கிறோம்” என்றார். அவள் வந்தாள். நான் சூப் கொடுத்தேன். அவருக்கும் ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு இருவரும் திரும்பிப் போனோம்.

கதவு மூடியிருந்தது.

கோல் கீழ்வளையத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. மேல்வளையம் மாட்டியிருந்தது. மஞ்சள் நாடா மடிக்கப்பட்டு, தூணின் தலையில் ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. டுவெய்ன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல் மொளிகளில் முள்கம்பி கிழித்த இரத்தம். கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“டுவெய்ன், கேட்டு…” என்றாள் மார்னி.

“மூடித்தான் இருந்துச்சு.”

“நான் போறப்ப…”

“நான் பாக்கும்போது மூடித்தாம்மா இருந்துச்சு. மூடியிருந்தத மூடினபடியே விட்டேன். யார் கேட்டாலும் அப்படித்தான் எழுதிக் குடுப்பேன்.” இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்னி புறப்பட்டபோது கதவு எந்த நிலையில் இருந்தது என்று தாங்கள் கேட்கலாம். அவளுக்கு அப்போது குளிர் நடுக்கம். கவனித்தாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அன்று காற்று பலமாக வீசியது. தரையில் கிடக்கும் கம்பிக் கதவைத் தூக்கி நிறுத்தி, கீழ்வளையத்தில் செருகி, தோள்கொடுத்து அணைத்து, மேல்வளையத்தை மாட்டிவிட்டுப் போகும் காற்றை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் இயன்றவரை மூடும் அதிகாரிகள் உள்ள மாவட்டத்தில் எதுவும் நடக்கலாம். தங்கள் பொறியாளர்கள் ஆராயட்டும்.

அவரை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கையைக் கழுவிக் கட்டுப்போட்டேன். சூப்பைத் தொடவில்லை. அவருக்குப் பிடித்த பிளம்பழம் வைத்த கொலாச்சி ரொட்டியை எடுத்து வைத்தேன். அதையும் தொடவில்லை. “நல்லாத்தான் இருக்கு லொரெட்டா, பசியில்ல” என்றார். அவருக்குப் பசிக்காமல் நான் பார்த்தது அதுவே முதல் முறை.

12. கடந்த ஞாயிறன்று எங்கள் தேவாலயத்தில் திருவிருந்து. மனம் சுத்தமாக இருப்பவர்களே அப்பம் வாங்க எழுந்து போவது எங்கள் வழக்கம். டுவெய்ன் எப்போதும் முன்வரிசையில் உட்காருபவர். முதலில் எழுந்து போவார். அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லோரும் போய் வந்தார்கள். அவர் எழவில்லை. போதகர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் பார்த்தபடி சற்று நேரம் காத்திருந்தார். டுவெய்ன் கட்டுப்போட்ட கையைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். மார்னி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் போகவில்லை.

அவர் ஏன் எழவில்லை என்று நான் இந்த மனுவில் எழுத முடியாது. தங்களுக்குப் புரிந்தால் அது தங்களோடு இருக்கட்டும். இந்த ஆண்டு தங்கள் துறை எங்களுக்குச் செய்த மற்றவை எல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தன. கோபம் வந்தபோதும் சிரிப்போடுதான் வந்தது. இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கதவை மூடத் தெரியாத அலுவலகம் அந்த மனிதரைக் கடைசி வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தது. இதை நான் மன்னிக்கப்போவதில்லை. என் மன்னிப்பு தங்களுக்குத் தேவைப்படாது என்பதையும் அறிவேன்.

13. எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) ஒப்பந்த மீறல் அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும். இயன்றவரை அல்ல, முழுவதுமாக.

(ஆ) மார்னியின் கடன் விண்ணப்பத்தைக் கிடப்பிலிருந்து எடுத்து, நவம்பர் முதல் தேதிக்கு முன் முடிவு சொல்ல வேண்டும். டுவெய்ன் அதுவரை யாருக்கும் விற்க மாட்டார். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்த நேர்மையில் இன்னும் மிச்சமிருப்பதையாவது கெடுக்காமல் விட வேண்டுகிறேன்.

(இ) திரு. விட்லாக் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். வேறு மாவட்டத்துக்கு அவரை மாற்றினால் அங்கும் கதவுகள் இருக்கும். ஒரு நாள் எங்கள் பண்ணைக்கு அனுப்புங்கள். மார்னி மூடக் கற்றுக்கொடுப்பாள். சாப்பாடும் உண்டு.

(ஈ) கதவை மூட அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதங்கள் அனைத்தையும் இத்துடன் திரும்பப் பெறுகிறேன். இனி அவை தேவையில்லை. காணப்பட்ட நிலையிலேயே விட வேண்டும் என்பது தங்கள் ஆணை. மூடிய நிலையில் கண்டதாக டுவெய்ன் ஆஸ்முஸ் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒருவரி வாக்குமூலத்தை இணைத்திருக்கிறேன். அவர் சொல் முழுமையாக நம்பத்தக்கது என்று எழுதியது தங்கள் அலுவலகம். முதல்முறை அந்தச் சொல்லை எங்களுக்கு எதிராக நம்பினீர்கள். அதைச் சொல்ல அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. இரண்டாவது சொல்லுக்கு அவர் என்ன கொடுத்தார் என்பதைப் பன்னிரண்டாம் பத்தியில் எழுதியிருக்கிறேன். இதையும் நம்புங்கள்.

கதவு மூடியிருக்கிறது. தங்கள் ஆட்கள் யார் வந்தாலும் அப்படியே விட்டுப் போகச் சொல்லவும்.

இணைப்பு: டுவெய்ன் ஆஸ்முஸின் வாக்குமூலம்.

இடம்: பெல்மர் மாவட்டம்
நாள்: அக்டோபர் 14

தங்கள் ஆணைப்படி எதையும் தொடாத,
(ஒப்பம்)
லொரெட்டா குசெரா